கிளிப் குத்துதா, இங்க வாங்க

பல்லுக்குக் கிளிப் மாட்டுவது டாக்டர் வேலை. மாட்டிக்கொண்டு போனவர் மறுநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தால், அது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருந்தேன். கிளிப் போடும் டாக்டர் மதுரையிலிருந்து மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் கம்பி குத்துது, சோறு மெல்ல ஏலல என்று வருகிறவர்களுக்கு நான்தான். நீங்களும் கிளிப் போட்டவர் என்றால் அந்த முதல் வாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள்.

விசில்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார் முருகேசன். கல்யாணப் பேச்சு எடுத்ததும் கிளிப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் தோள் பையோடு வந்து நின்றார். உதட்டின் உள்பக்கமெல்லாம் புண். "யக்கா, விசில வாயில வச்சா உதடு கம்பில அமுங்குது. நான் ஊதலன்னா டிரைவர் வண்டிய எடுக்க மாட்டாரு."

பஞ்சால் கம்பியைத் துடைத்து ஈரம் போக்கி, கிளிப்புக்கென்றே வரும் மெழுகை மிளகு அளவு உருட்டி, குத்துகிற இடத்தில் அப்பிக் காட்டினேன். சாப்பிடும்போது எடுத்துவிட வேண்டும், காலையும் ராத்திரியும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போக ஏறினால், அவர் பஸ். என்னைப் பார்த்ததும் பஸ் ஸ்டாண்டே திரும்புகிற மாதிரி ஊதினார். டிரைவர் காதைப் பொத்திக்கொண்டு திரும்ப, முருகேசன் சொன்னார்: "கோவிக்காதீங்கண்ணே, இது அக்கா ரிப்பேர் பண்ணிக் குடுத்த வாயி!"

பால்கோவா

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவர் ஒருவர், மகள் செல்வியை இழுத்துக்கொண்டு கோபமாக வந்தார். கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் பொட்டு ஒன்று இரண்டாம் தடவையாகப் பெயர்ந்திருந்தது. "முறுக்கு கூடாதுன்னீங்க, கடலை மிட்டாய் கூடாதுன்னீங்க. வீட்ல அம்புட்டையும் நிறுத்திட்டோம். பொறவு எப்படிப் பேந்து வருது? உங்க பசைதான் சரியில்ல."

பசையைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. செல்வியை உட்கார வைத்து, காலையிலிருந்து ராத்திரி வரை வாயில் போடுவதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். இட்லி, குழைந்த சோறு, ரசம், வாழைப்பழம்... எல்லாம் சரிதான். பிறகு குரலைத் தணித்து, "சாயங்காலம் சட்டியில அடிப்பிடிச்ச காந்தல்" என்றாள். பால்கோவாச் சட்டியில் ஒட்டிக்கொண்டு கல்லாக இறுகிக் கிடக்கும் அந்தக் காந்தலைக் கரண்டியால் சுரண்டித் தினமும் ஊட்டிவிடுவது யார் என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அது பால்கோவால்லா? அதுவும் கணக்குல வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பென்சில்

கூமாப்பட்டி விவசாயி ஒருவர், அழுகிற மகளோடு மத்தியானம் வந்தார். மறுநாள் அவளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. கடைவாய்ப் பக்கம் கம்பியின் நுனி துருத்திக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் சொந்த டாக்டரும் அன்று வெளியூரில். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மதுரை டாக்டரைப் போனில் பிடித்தேன். வெட்ட வேண்டாம், பென்சில் முனையில் இருக்கும் ரப்பரால் மெதுவாக உள்ளே மடக்கு என்றார்.

ஆஸ்பத்திரியில் ரப்பர் வைத்த பென்சில் ஏது? அந்தப் பிள்ளையே ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து புதுப் பென்சிலை நீட்டியது. ஸ்பிரிட்டில் துடைத்து வாய்க்குள் கொண்டுபோனேன். அதுவரை நானாக ஒரு கம்பியை வளைத்ததில்லை. அழுத்தினேன், நுனி மடங்கிப் பல்லோடு படிந்தது. மேலே மெழுகு வைத்தேன். பிள்ளை நாக்கால் தடவிப் பார்த்தது, அழுகை நின்றது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, வேற பென்சில் வாங்கித் தாரேன் என்றார். மகள் விடவில்லை: "வேண்டாம்ப்பா, நாளைக்கு இத வச்சுத்தான் வட்டம் போடுவேன்."

கை

செட்டியார்பட்டி ஜோதிக்கு இருபத்திரண்டு வயது. பேண்டேஜ் கம்பெனியில் வேலை. பல் தூக்கலாக இருந்ததால் பேசும்போதும் சிரிக்கும்போதும் கையால் வாயை மூடிக்கொள்வாள். கிளிப் போட்ட ஒன்றரை வருஷமும், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கம்பெனிக் குழாயடியில் நின்று, நான் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு பல்லாகப் பிரஷ் பண்ணினாள். கூட வேலை பார்க்கிறவர்கள், "யாரு, மாப்ள வாரானா?" என்று கேலி பண்ணியும் ஒரு நாள் விட்டதில்லை.

கிளிப்பைக் கழற்றிய அன்று, ஒரு பல்லில்கூடக் கறையோ சொத்தையோ இல்லையே, யாரம்மா சொல்லிக்கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். ஜோதி என்னைக் காட்டினாள். நான் ட்ரேயைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கண்ணாடியைக் கொடுத்தோம். பார்த்தாள், சிரித்தாள், பழைய பழக்கத்தில் கை மேலே வந்தது. நான் பிடித்துக் கீழே இறக்கினேன். கண் கலங்க என்னைப் பார்த்து, "யக்கா, இந்தக் கைக்கு இனிமே என்ன வேலை குடுக்க?" என்றாள்.

இத்தனை பேர் கிளிப்பைக் கவனித்து அனுப்பிய எனக்கும் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு; அதை ஒரு டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டத்தான் இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை.