இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "பின்னாடி எழுதியிருக்கிற பேரு அதேதான். ஆனா பழைய போட்டோவுல இருக்கிற வண்டிக்கும் இதுக்கும் மூக்கு முழி எதுவுமே சேரல. அப்புறம் எதுக்குப்பா ஒரே பேரு?" என்றாள் மகள். "வேற பேரு யோசிக்கச் சோம்பேறித்தனம்" என்றான் மகன். என் கை நிறையச் சோப்பு நுரை. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். நீங்கள் அறியாமல் நம் வீட்டில் நடந்துபோன ஒரு வாரமும் அதற்குள் வருகிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நேமத்தான்பட்டியில் என் முதலாளியம்மா ஆச்சி தன் பெரிய வீட்டின் முன்பாதியை வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியபோதுதான் என்னை வண்டி ஓட்டக் கூப்பிட்டார்கள். மதுரை விமான நிலையத்துக்குப் போய் விருந்தாளிகளை அழைத்துவர வேண்டும், ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அதற்கென்று வாங்கியதுதான் இந்த மாடலின் முதல் பிறவி. பார்த்தால் ஜீப் உயரம், உள்ளே உட்கார்ந்தால் கார். லாரி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பைத் தூக்கி வைக்காமல், கார் மாதிரி எல்லாவற்றையும் ஒரே கூடாகச் செய்திருப்பார்கள். அதைத்தான் கிராஸ்ஓவர் என்கிறார்கள்.

"காருமில்ல, ஜீப்புமில்ல. நம்ம வீட்டு மாப்பிள்ளை மாதிரி ரெண்டுங்கெட்டான்" என்றார்கள் ஆச்சி, முதல் நாள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு. மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

முதல் பிறவி பெட்டி மாதிரி இருக்கும். ஸ்டெப்னி டயர் பின்கதவில் தொங்கும். அந்தக் கதவு மேலே போகாது, பக்கவாட்டில்தான் திறக்கும். ஒரு கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றும்போது கதவை முழுசாகத் திறக்க இடமில்லாமல், அண்டாவையும் குத்துவிளக்கையும் பக்கத்துக் கதவு வழியாக நுழைத்து, சீட்டில் ஆள் மாதிரி உட்கார வைத்துக் கொண்டுபோனோம். பின்சீட்டுக்கு ஏசிக் காற்று போகாது. வெளிநாட்டு விருந்தாளிகள் மேலூர் தாண்டுவதற்குள் வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்துவிடுவார்கள். ஏறும் இடம் உயரம் வேறு. ஆச்சி ஒவ்வொரு தடவையும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னைய வண்டியில ஏத்துறீகளா, மரத்துல ஏத்துறீகளா?" என்று கேட்பார்கள்.

சில வருஷம் கழித்து இரண்டாவது பிறவி வந்தது. ஸ்டெப்னி வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. பின்கதவு மேல்நோக்கித் திறந்தது. பின்சீட்டுக்கென்று தனியாக ஏசிக் காற்று வந்தது. படி ஒரு கையளவு தாழ்ந்திருந்தது. நான் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எங்களை மாதிரி எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் இதே குறைகளைச் சொல்லியிருக்க வேண்டும். யாரோ முகம் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஒக்கூர் பக்கம் ஒரு தடவை பஞ்சர் ஆனபோது, அடிவயிற்றில் இருந்த டயரை எடுக்க வேட்டியோடு மண்ணில் மல்லாந்து படுத்தேன். விருந்தாளி ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டார். ஒரு குறை போனால் இன்னொன்று வரும். அதைக் கேட்கவும் யாராவது இருப்பார்கள்.

அந்த இரண்டாவது வண்டி பழசாகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நம் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். இடது முட்டி. கட்டுப் போட்டதும் நொண்டி நடந்ததும் உங்களுக்குத் தெரியும். டாக்டர் சொன்னது தெரியாது. "நடக்கலாம், வயலைப் பார்க்கலாம். நாள் முழுக்கக் கிளட்ச் மிதிக்கிற வேலை மட்டும் வேண்டாம்." ஆனால் எனக்கு இருந்த வேலையே அது ஒன்றுதான். நம் வயலின் நெல் நம் வீட்டுக்குச் சாப்பிடக் காணும், உங்கள் படிப்புக்குக் காணாது. உங்கள் அம்மாவும் நானும் அதைப் பற்றி உங்கள் எதிரில் பேசவில்லை.

ஆச்சியிடம் சொல்லிவிட்டு நின்றுவிடலாம் என்று போனேன். அதே வாரம் மூன்றாவது பிறவி வாசலில் வந்து நிற்கிறது. சாதாரண கியர் வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம், ஆட்டோமேட்டிக் உடனே கிடைத்ததாம். உள்ளே குனிந்து பார்த்தேன். இரண்டே மிதி. பிரேக், ஆக்ஸிலேட்டர். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் கால் சும்மா சாய்த்து வைக்க ஒரு மேடை. என் முட்டியைப் பற்றி யாரோ போய்ச் சொல்லிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து ஆச்சியின் மகன் வந்திருந்தார். நல்ல மனுஷர். என் கால் விஷயம் தெரிந்து, தேவகோட்டையில் வேறொரு டிரைவரைப் பேசி வைத்திருந்தார்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீக. வாரவுக வெளியூர் ஆளுக. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரக் கூடாதுல்ல?"

"இதுல இடது காலுக்கு வேலையே இல்ல தம்பி. பூசைக்கு நானே எடுத்துட்டு வாரேன், பாருங்க" என்றேன்.

அரியக்குடிப் பெருமாள் கோயில் முன்னால் பூசை. அங்கே போகிற வரைக்கும் காலி ரோடு, கால் ஒழுங்காக இருந்தது. பட்டர் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். பழங்களை நசுக்கி வண்டி முன்னால் போக வேண்டும், அதுதான் முறை. ஆச்சியும் மகனும் பின்சீட்டில். வண்டியை மெல்ல விட்டேன். டயர் பழத்தின் மேல் ஏறியதுதான் தாமதம், மெதுவாகப் போகும்போது கிளட்சை அமுக்கியே பழகிய என் இடது கால் பாய்ந்து போய் இல்லாத கிளட்சை மிதித்தது. ஆட்டோமேட்டிக்கில் பிரேக் மிதி அகலம், காலுக்கு அகப்பட்டது அதன் ஓரம். வண்டி தலையில் அடித்த மாதிரி நின்றது. ஆச்சி மடியில் இருந்த தாம்பாளம் பறந்து முன்னால் வந்து விழுந்தது. வாழைப்பழம் கியர் மேல், வெற்றிலை என் தோள் மேல்.

இறங்கிப் பார்த்தால், எலுமிச்சம்பழம் நசுங்கியும் நசுங்காமலும் டயருக்கு அடியில் இருந்து எட்டிப் பார்க்கிறது. கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா சும்மா இருக்குமா?

"என்னண்ணே, பழத்துக்கு வலிக்கும்னு நின்னுட்டீகளா?"

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. "இது சரிப்படாது ஆத்தா" என்றார் தாழ்ந்த குரலில். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோயில் வாசலில் பழம் பறந்தது. இதுவே நெடுஞ்சாலையாக இருந்து, பின்னால் ஒரு லாரியும் வந்திருந்தால்?

ஆச்சி நெற்றியைத் தடவிக்கொண்டார்கள். "பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது. பெருமாளே பாத்துட்டாரு" என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை விருந்தாளி வாராக. அதுவரைக்கும் ஆள் ஏத்தாம ஓட்டிப் பழகு. வெள்ளிக்கிழமை மதுரைக்கு நானே பின்னால உக்காந்து வருவேன். என் தலை ஒரு தடவை முன்னால போச்சுன்னா தேவகோட்டை ஆளுதான். சரியா?"

"சரி ஆச்சி."

அந்த வாரம் முழுக்க, நீங்கள் பள்ளிக்கூடம் போனதும் நானும் உங்கள் அம்மாவும் ஒக்கூர்ப் பக்கம் ஆள் நடமாட்டம் அதிகமில்லாத கண்மாய்க் கரை ரோட்டுக்குப் போனோம். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கவே இல்லை, என் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தது.

"இந்தா, மறுபடியும் துள்ளுது. கயித்துல கட்டுன ஆட்டுக்குட்டி மாதிரி."

"நானா துள்ளச் சொல்றேன்? அதுவா போகுது."

"உங்க பேச்சக் கேக்காதது வீட்டுல நான் மட்டும்தான்னு நினைச்சேன்."

முதல் நாள் வண்டி திடீர் திடீரென்று நின்று, எத்தனை தடவை எங்கள் தலை முன்னால் போய் வந்ததோ. மறுநாள் அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தது. "இடது கால்ச் செருப்பக் கழட்டிப் போடுங்க. வெறுங்காலு அந்த மேடையில பட்டுக்கிட்டே இருந்தா, எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியும்ல?" கழற்றினேன். போதாது என்று என் முட்டியில் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டது. "தூக்குனா எனக்குத் தெரிஞ்சுரும். ஓட்டுங்க."

எதிரே பஸ் வந்தது, மாடு வந்தது. நாங்கள் அப்படியே போனோம். ஆட்டுக்காரர் ஒருவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ன நினைச்சாரோ மனுசன்" என்று அம்மா சிரித்தாலும் கையை மட்டும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை எடுத்துவிட்டது. கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆச்சி பின்சீட்டில் ஏறினார்கள். சேலையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை இல்லை. இதில் படி இன்னும் தாழ்ந்திருந்தது. திருப்பத்தூர் தாண்டி ஒரு வளைவில், வேலி மறைவிலிருந்து ஆட்டு மந்தை ஒன்று ரோட்டுக்கு வந்தது. வலது கால் ஆக்ஸிலேட்டரை விட்டு பிரேக்குக்குப் போனது, மெதுவாக அமுக்கியது. இடது கால் வெறுங்காலாகக் கிடந்தது. வண்டி, பாய் சுருட்டுவது மாதிரி வேகத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றது. பின்னால் என்ன சொல்வார்களோ என்று காதைத் தீட்டினேன். சத்தமே இல்லை. ஆடுகள் போனதும் நானும் கிளம்பினேன்.

விமான நிலையத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினால், ஆச்சி தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆச்சி."

"ம்... மேலூரு வந்துருச்சா?"

"ஏர்போர்ட்டே வந்துட்டோம் ஆச்சி."

என்னைப் பார்த்தார்கள், வெளியே பார்த்தார்கள், கொண்டையைச் சரிசெய்துகொண்டார்கள். போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்கள். "தேவகோட்டை ஆள வேணாம்னு சொல்லிருப்பா. இல்ல, இல்ல, பாத்துக்கிட்டேதான் வந்தேன்" என்றார்கள். நான் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதனால், ஒரே பேர் எதற்கு என்று கேட்டீர்களே, எனக்குத் தோன்றுவது இதுதான். முன்னால் வந்ததில் யார் யாருக்கு என்ன கஷ்டம் இருந்தது என்று ஞாபகம் வைத்திருக்கிற வரைக்கும் அது அதே வண்டிதான். மூக்கு முழி மாறினால் என்ன? நாலாவது பிறவி வரும்போது அதில் யார் குறை தீர்ந்திருக்கும் என்று இப்போதே எனக்கு ஆசையாக இருக்கிறது. ஒருவேளை அதை ஓட்டப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.

அன்று விருந்தாளிகளை விடுதியில் இறக்கிவிட்டு, மதியம் வண்டியை ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆச்சி சாப்பிடப் போயிருந்தார்கள். டிரைவர் சீட்டில் கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வேறு ஆள் வந்து உட்காரப்போகிற சீட்டு, நாம் ஏன் கிழிக்க வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க அதைத் தொடாமல் அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டியிருந்தேன். ஓரத்தில் நகத்தால் கீறி, முதுகுப் பக்கத்திலிருந்து ஒரே இழுப்பாக உரித்தேன். மடித்து ஷெட்டின் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு வெறும் துணி மேல் உட்கார்ந்து, சீட்டை என் உயரத்துக்கு ஏற்றாற்போல் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டேன்.