அறுபதில் எழும் முனகல்

கழக்கூட்டம் பைபாஸில் வேகம் அறுபதைத் தொட்டதும் என் கார் முனக ஆரம்பிக்கும். அடித்தொண்டையிலிருந்து விடாமல் வரும் ஒரு ‘ம்ம்ம்’. ஐம்பதுக்கு இறங்கினால் அடங்கிவிடும். மழைக்காலம் முடிந்த கையோடு அதை முதன்முதலாகக் கேட்டபோதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் கணவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அது என் சம்பளத்தில் நான் வாங்கிய கார். நாற்பது வயதுக்கு மேல்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன், ஆபீஸ் வேன் ஹாரன் அடித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிய காலைகளை நான் மறக்கவில்லை. வேனில் இடம் இல்லாத நாட்களில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போயிருக்கிறேன். அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போக எனக்கு இஷ்டமே இல்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஓட்டுவது நான், சத்தம் கேட்டது நான், சொன்னதும் நான். அங்கே புகார் எழுதிக்கொள்ளும் அட்வைசர் பதிலை மட்டும் என் கணவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். டயர் தேய்மானம் என்றார். நான்கு டயரும் மாற்றினோம். புது டயரோடு பைபாஸ் ஏறினேன், அறுபதில் அதே முனகல். மறுபடி போனபோது ரோடு சரியில்லை என்றார். அதற்கடுத்த முறை, மேடத்துக்குக் காது கொஞ்சம் கூர்மை என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். கூடவே என் கணவரும் சிரித்தார். அட்வைசரைக்கூட மன்னித்துவிட்டேன், இவர் சிரித்ததுதான் எனக்குச் செரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் வேறு வழியில் யோசித்தார். சத்தம் பெரிதாவதற்குள் வண்டியை விற்றுத் தள்ளிவிடலாமாம். அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார், திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோளாறு இன்னதென்று தெரியாமல் சண்டை போட்டால் தோற்றுப்போவேன் என்பது எனக்குத் தெரியும்.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பொன்முடி மலைக்குப் போய் வருவோம் என்று அவரே சொன்னார், ஏதோ கடைசி ஆசையை நிறைவேற்றுவதுபோல. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். என் மாமியார் வழக்கம்போலப் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தார். ரேடியோவைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜன்னல்களை இறக்கினேன்.

மலைப்பாதையில்தான் அது வாயைத் திறந்தது. வேகம் முப்பதைத் தாண்டாதபோதும் வலப்பக்கம் வளையும்போது முனகல் எழுந்தது, இடப்பக்கம் வளையும்போது சட்டென்று நின்றது. முதலில் நம்பவில்லை. அடுத்த வளைவிலும் அதேதான், அதற்கடுத்ததிலும் அதேதான்.

“பாறையில தட்டி எதிரொலி வருது, அவ்வளவுதான் கேட்டியா,” என்றார் என் கணவர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம் என்று பொறுத்துக்கொண்டேன். இறங்கும்போது ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்தேன். இப்போது பாறை காரின் மறுபக்கம் இருந்தது. முனகல் பாறையைச் சட்டை செய்யவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் “இப்ப வரும்”, “இப்ப நிக்கும்” என்று நான் சொல்லச் சொல்ல, அது வந்தது, நின்றது.

வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரங்கள்மேல் சாயும். பஸ்ஸில் நின்றே போனவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம் ஏறும்போது முனகுகிறதென்றால், சக்கரத்துக்குள்ளே சுழலும் பேரிங்தான் போயிருக்க வேண்டும். இடது பக்கம் என்பது உறுதி. முன்சக்கரமா, பின்சக்கரமா? நான் வாய்விட்டுக் கேட்டதற்குப் பின்சீட்டிலிருந்து பதில் வந்தது.

“எங்காலுக்கு அடியிலதானே இது எப்பவும் கெடந்து முனகுது,” என்றார் என் மாமியார். “எல்லாக் காரும் இப்படித்தான்னு நெனச்சேன். எங்கிட்ட யாரு கேட்டா?”

அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டேன். காலையிலேயே அதே சர்வீஸ் சென்டருக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போய், பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கிக் கையால் சுற்றிக் காட்டச் சொன்னேன். அட்வைசர் இவரைப் பார்த்தார். இவர் என்னைக் கைகாட்டினார். வலது சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. இடது சக்கரம் அம்மியில் மிளகு நுணுக்குவதுபோலக் கரகரத்தது. கழற்றிய பேரிங்கில் ஒரே துரு. வண்டி எங்காவது தண்ணீரில் நின்றதா என்று மெக்கானிக் கேட்டார்.

என் கணவர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். ஜூலை மழையில் ரயிலில் வந்த அவர் அம்மாவை அழைத்துவர, தம்பானூர் ஸ்டேஷன் பக்கம் ரோடே தெரியாத தண்ணீரில் சாக்கடையோரமாக, இடது சக்கரங்கள் முங்க வண்டியை நிறுத்திவிட்டுப் போனவர் அவர்தான். அந்த வழியாகப் போக வேண்டாம் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தேன். அதை இப்போது நினைவுபடுத்த வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை, அட்வைசரை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

புது பேரிங் போட்டு வெளியே வந்ததும் நானே ஓட்டினேன். பைபாஸில் அறுபது, எழுபது. காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழக்கத்தில் அவர் கை ரேடியோவுக்குப் போனது, தட்டிவிட்டேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஆபீஸ் நண்பர், வண்டியைப் பார்க்க எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார். இவர் ஒரு நிமிஷம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வர வேண்டாம்,” என்றார் போனில். “வண்டி அவளோடதாக்கும். அவ தரமாட்டா.”