கடைசியாக வந்தவர்

இன்று காலை தெருவில் நீட்டிக் கட்டிய பட்டு நூல் பாவுக்குக் கஞ்சி தடவும் வாசனை அடித்ததும் என் உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது. நாற்பது வயது ஆள் நான், போங்கள்!

எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலில் வருகிறவனுக்கு அடி கிடையாது. அடுத்தவனுக்கு ஒன்று, அதற்கடுத்தவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். விடியலில் பாவுக்குக் கஞ்சி போட்டுவிட்டு ஓடும் நெசவுக்காரப் பிள்ளை நான், எப்போதும் கடைசி. பதினெட்டுப் பிரம்படி. தூக்கத்திலும் கையை நீட்ட ஆரம்பித்தேன். அதை அம்மா பார்த்துவிட்டாள்.

மறுநாள் பாவு வேலையை அப்பாவிடம் விட்டுவிட்டு, என்னை இழுத்துப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தாள். பத்தொன்பது பிள்ளைகளும் வந்த பிறகுதான் வாத்தியார் வந்தார்.

"இன்னாம்மா, இங்க குந்திக்கினு இருக்குற?"

"எண்ணிக்கினு இருக்கேன் சாமி. கடைசியா வந்தது நீங்கதான். உங்களுக்குப் பத்தொன்பது. கைய நீட்டுங்க."

"இன்னா திமிரு உனக்கு!"

"திமிரு இல்ல சாமி, நீங்க வெச்ச சட்டம். எம்புள்ள தூக்கத்துல கூட கைய நீட்டிக்கினு கெடக்குறான். நீங்க முழிச்சிக்கினுதானே இருக்கீங்க? நீட்டுங்க."

வாத்தியார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தோம்.

அன்றோடு அந்த வழக்கம் நின்றது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஆனாலும் அந்தக் கைகள் பின்னால் போனதை நினைத்தால் வெல்லம் தின்ற மாதிரிதான் இருக்கிறது எனக்கு.