வெளியிலிருந்து வந்த டிஸ்க்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் எனக்கு வேலை. சிரம்பானில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன். ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை என் நடையிலேயே தெரிந்திருக்கும்.

ஆபீசின் தலைமை எழுத்தரைப் பெரிய கிராணி என்போம். ஓய்வு பெற அவருக்கு ஓர் ஆண்டுதான் பாக்கி. என்னிடம் கேட்டுக் கேட்டு இரண்டு விரலால் தட்டப் பழகினார். தோட்டத்தில் இன்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த வயதானவர்களுக்குக் குடியுரிமை மனுப் போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாலையில் தொழிலாளர்கள் வசித்த லயங்களுக்குப் போய், எங்கே பிறந்தார்கள், பெற்றவர்கள் யார் என்று துண்டுத் தாளில் எழுதி வருவார். மறுநாள் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். மூன்று மாத வேலை அது. மேசையில் தாள்கள் குவிந்தபோது, "டிஸ்க்ல ஒரு காப்பி இருக்குல்ல ஐயா, தாள் எதுக்கு?" என்றேன். அவர் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டார்.

அந்தச் சமயத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி எனக்கு ஒரு டிஸ்க் கொடுத்தாள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் விளையாடுவேன். ஒருநாள் அதை உள்ளே வைத்தபடியே கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டேன். திரையில் ஏதோ எழுத்து வந்தது. டிஸ்க்கை உருவிவிட்டு மறுபடி முடுக்கினேன். சரியாக ஓடியது. அதோடு மறந்துபோனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, பட்டியல் இருந்த இடத்தில் வெறும் குப்பை எழுத்துகள். பெரிய கிராணி தன் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார். அதுவும் திறக்கவில்லை.

சிரம்பானிலிருந்து வந்த டெக்னீஷியன், வைரஸ் என்றார். ஒரு டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டருக்குள் இறங்கும், பிறகு அதில் போடும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொற்றும் என்று விளக்கினார். யாராவது வெளி டிஸ்க் போட்டீர்களா என்று கேட்டார். மானேஜரும் அங்கே நின்றிருந்தார். அந்த டிஸ்க் என் கைப்பையில்தான் இருந்தது. பையை மேசைக்கடியில் தள்ளினேன்.

பெரிய கிராணிதான் தயங்கிப் பேசினார். "போன வாரம் எனக்குச் சளிக் காய்ச்சல். தும்மிக்கிட்டேதான் டைப் பண்ணேன். அதுல வந்திருக்குமோ?"

டெக்னீஷியன் சிரித்தார். மானேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தானும் கொஞ்சம் சிரித்தார். இனி நீங்கள் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்று மானேஜர் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மறுபடி லயங்களுக்கு நடந்தார். தன்னைப் பெற்றபோதே தாய் இறந்ததை முதல் தடவை அழுதபடி சொன்ன ஒரு கிழவி, இன்னொரு தரம் சொல்ல முடியாது என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். என் கவனக்குறைவு, மன்னிச்சிடுங்க என்று வாசலில் நின்று சொல்லி வந்ததாகப் பெரிய கிராணி என்னிடம் சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டிஸ்க்கை எடுத்து அவர் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மானேஜர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லைங்க ஐயா."

"சொல்லாத. ஒன் வேலை போயிடும். எனக்கு இன்னும் சில மாசம்தான்லா."

அவர் பேச்சைக் கேட்காமல் நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. வைரஸைக் கொண்டுவந்ததைவிட, அன்று எனக்கு வந்த அந்த நிம்மதிதான் இன்றும் என்னைக் கூச வைக்கிறது.

பிறகு மாலைகளில் நானும் அவரோடு போனேன். அவர் கேட்பார், நான் எழுதுவேன். மனுக்கள் போயின, சிலருக்குக் குடியுரிமை அட்டையும் வந்தது. அந்தக் கிழவி மட்டும் கடைசிவரை மனுப் போடவில்லை. வழியில் என்னைக் கண்டால் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுவேன்.