விற்றுப்போன நண்டின் படம்

சிறு கடைகளுக்கு முகநூல் பக்கம் நடத்திக் கொடுப்பது என் தொழில். ஒரே கேக்கைப் பத்து விதமாகப் புகழ்ந்து எழுதி அலுத்துப்போயிருந்த நாட்களில்தான் பனிச்சங்கேணி ஊரைச் சேர்ந்த நண்டு வியாபாரி ஒருவர் என்னிடம் வந்தார். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். நண்டு கடித்த தழும்புகள் நிறைந்த விரலால் போனை மெல்லத் தொடுவார், அதுவும் கடித்துவிடும் என்பதைப்போல.

பக்கம் திறந்து, பதிவு போடப் பழக்கினேன். முதல் நாள் காலையில் போட்ட நண்டுப் படத்தை நிறையப் பேர் பகிர்ந்தார்கள். மத்தியானம் பார்த்தால் படத்தைக் காணவில்லை. பதறிப்போய் அவரை அழைத்தேன்.

“நான்தான் அழிச்சன் தம்பி. நண்டு வித்து முடிஞ்சிட்டு.”

“வித்தாலும் படம் கிடக்கட்டும் அண்ணன். அதைப் பார்த்துத்தான் புது ஆக்கள் வருவாங்க.”

“வந்தாங்கதான். ஏறாவூரில இருந்து ஒரு மனிசன் அவ்வளவு தூரம் இந்த வெயிலுக்குள்ள வந்திட்டார். வெறும் பெட்டியக் காட்டி அனுப்பினன். அவர்ர முகத்த நீங்க பாக்கல்லயே.”

அதன் பிறகும் தினமும் அழித்தார். நானும் சொல்லிக் களைத்து விட்டுவிட்டேன்.

இப்போது பன்னிரண்டு கடைகளின் பக்கங்கள் என் கையில். எல்லாம் படங்களால் நிரம்பிக் கிடக்கின்றன. வேலை அலுக்கும்போது அவருடைய பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அது வெறுமையாக இருந்தால் அன்றைய நண்டு முடிந்துவிட்டது என்று தெரியும். நான் போட்ட படங்களில் எந்தக் கேக் இன்று கடையில் இருக்கிறது என்பது எனக்கே தெரியாது.