இருநூறு செடியும் ஒரு கட்டைவிரல் நகமும்

மானாவாரிக் காட்டில் மரம் வளர்க்கும் வேலையில், நட்ட அன்று எடுக்கும் போட்டோவில் மட்டும்தான் எல்லாச் செடியும் உயிரோடு இருக்கும். இதே வேலையில் கிடந்து அல்லாடும் சக பாவிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளனாக, கெட்டுப்போன புஞ்சைகளில் வேம்பும் புங்கனும் இலுப்பையும் நட்டுத் திரிகிறவன் நான். ஆலங்குளம் பக்கம் ஒரு காட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கே நடந்திருக்கும்.

நடவு

பாக்கியம் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார். கணவரின் தம்பி செல்வராஜோடு ஆறு ஏக்கர் கூட்டுப்பட்டா. பல வருடமாக அதில் சீமைக் கருவேலத்தைத் தவிர எதுவும் விளையவில்லை. ஒரு சோலார் கம்பெனி மொத்தமாக விலைக்குக் கேட்டது. அதற்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். "அவுக போன பொறவு எம்பேரு இருக்கிற ஒரே காகிதம் இதுதான்" என்று அக்கா மறுத்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் நாங்கள் மரம் நடலாம் என்று போய் நின்றோம்.

செல்வராஜைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ராஜபாளையத்தில் மில் வேலை, கல்யாண வயதில் இரண்டு பெண்கள். நடவு அன்று லீவு போட்டு வந்து குழி வெட்டவும் கை கொடுத்தார். பத்து வரிசை, வரிசைக்கு இருபது செடி. கடைசிச் செடிக்கு மண் அணைத்ததும் என்னைத் தனியாகக் கூப்பிடாமல், அக்காவையும் வைத்துக்கொண்டே சொன்னார். அக்கா சரியென்றார், நானும் பெரிய நாட்டாமை மாதிரித் தலையை ஆட்டினேன்.

"சார், நான் வம்புக்கு வரல. ரெண்டாவது கோடையில நீங்களே வந்து எண்ணுங்க. பாதி நின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நிக்கலன்னா மதினி கையெழுத்துப் போட்டுரணும்."

முள்

சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தால்தான் செடி தருவோம் என்பது எங்கள் நிபந்தனை. அக்கா கூலிக்கு ஆள் விட்டு எடுத்திருந்தார். மாசியில் சுற்றுவட்டாரம் பூராவும் அறுப்பு முடிந்ததும் ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். அறுத்த காட்டில் யார் ஆடும் மேயலாம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதைத் தடுத்தால் ஊரோடு பகை. ஒரே காலையில் ஒன்றரை வரிசைச் செடிகளின் தலை போய்விட்டது.

மறுவாரம் நான் போனபோது, அக்கா புறம்போக்கிலிருந்து சீமைக் கருவேல முள்ளை வெட்டி இழுத்துவந்து ஒவ்வொரு செடிக்கும் கூண்டு மாதிரிக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முழங்கையிலும் ரத்தக் கோடுகள். மருந்து போடுங்கள் அக்கா என்றேன். அவர் என் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்:

"ஆகாதுன்னு வெட்டச் சொன்னதும் நீங்கதான். இப்ப உங்க செடிக்கு அதுதான் சார் காவல்."

பட்டன்

முன்பெல்லாம் நோட்டில் எழுதுவோம். "சந்தேகம்", "அடுத்த மழைக்குப் பார்க்கவும்" என்று பக்கத்தில் கிறுக்கி வைக்கலாம். பிறகு ஆப் வந்தது. கோடையில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும் செடியை எதில் சேர்ப்பது என்று ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெபராஜிடம் கேட்டேன். டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்:

"உயிர்னு ஒரு பட்டன், சாவுன்னு ஒரு பட்டன். நடுவுல இழுத்துக்கிட்டுக் கெடக்கிறதுக்கெல்லாம் பட்டன் கெடையாதுண்ணே."

நகம்

குச்சியாக நிற்கும் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்போம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர். நுனியில் பச்சை இல்லையென்றால் நடுத்தண்டில் கீற வேண்டும், அங்கும் இல்லையென்றால் தரையை ஒட்டிக் கீற வேண்டும். அதற்குக் குனிய வேண்டும்.

இரண்டாவது சித்திரையில் எண்ணப் போனேன். அக்கா இரண்டு கோடையாக முக்கால் மைல் தள்ளியிருந்த போர்க்குழாயிலிருந்து இடுப்பிலும் தலையிலும் குடம் வைத்துச் சுமந்து ஊற்றியிருந்தார். ஆறு வரிசை வரைக்கும் ஒழுங்காகக் குனிந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இடுப்பு விட்டுப்போனது. மதியத்துக்குள் வத்திராயிருப்பு போய் இன்னொரு தோட்டத்தையும் முடித்தாக வேண்டும். கடைசி நாலு வரிசைக்கு நின்ற வாக்கிலேயே நுனியை மட்டும் கீறிவிட்டுச் சாவு, சாவு என்று அமுக்கிக்கொண்டே போனேன். "அடியில ஒருக்காப் பாருங்க சார்" என்று அக்கா பின்னாலேயே வந்தார். நுனி காய்ந்தால் அடியும் காய்ந்ததுதான் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மொத்தம் எண்பத்தெட்டுதான் உயிர். கணக்குக் கேட்க வந்திருந்த செல்வராஜ் சந்தோஷப்படவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலில் என்னையும் பிறகு செல்வராஜையும் பார்த்துச் சொன்னார்:

"படிச்சவுக நீங்க எண்ணுனா சரியாத்தான் சார் இருக்கும். எப்பன்னு சொல்லுங்க தம்பி, வந்து கையெழுத்துப் போடுதேன்."

தளிர்

ஐப்பசியில் நல்ல மழை. வேறு வேலையாக அந்த வழியே போனவன் வண்டியை நிறுத்தினேன். கம்பெனி வேலிக்கல் ஊன்றியிருந்தது. பத்திரம் பதிந்தும் மாதக்கணக்காகிவிட்டது. உள்ளே, நான் குனியாமல் போன அந்த நாலு வரிசையில், காய்ந்த குச்சிகளின் அடியிலிருந்து சாண் உயரத்துக்குத் தளிர் வந்திருந்தது. நின்ற இடத்திலிருந்தே எண்ணினேன். முப்பதைத் தாண்டியது. பாதி என்று சொல்ல அக்காவுக்குப் பன்னிரண்டு போதுமாயிருந்தது.

கம்பெனிக்குத் தரை சுத்தம் செய்ய ஏழெட்டுப் பெண்கள் கூலிக்கு வந்திருந்தார்கள். மண்வெட்டியோடு முதல் ஆளாக நின்றது பாக்கியம் அக்கா. கிட்டப் போய், "அக்கா, நான் தப்பா எண்ணிட்டேன்" என்றேன். அவர் காலடியில் இருந்த வேம்பைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியை ஓங்கினார்.

"செத்ததுன்னு எழுதிட்டீகள்ல சார். செத்தத வெட்டுனா பாவமில்ல. தள்ளி நில்லுங்க, கால்ல பட்டுரும்."

அந்த வருடம் கணக்கெடுப்பைக் கெடுவுக்கு முன்பே முடித்தவன் என்று ஆபீசில் என்னைத்தான் முன்னால் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள், நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.