கால் மணி நேரம் முந்திக் கிளம்பிய மில் பஸ்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. காபியைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பேன். "செத்த நேரம் உக்காந்து குடிங்களேன், யாரும் பிடுங்கிட்டா போகப் போறாக?" என்று என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் செருப்பை மாட்டியிருப்பேன்.

கல்லூரி நாட்களில் கிரிக்கெட் பைத்தியம். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மண் மைதானத்தில் முதல் ஆளாக மட்டை பிடிப்பேன். பந்து மட்டையில் பட்டதும் ஓடிவிடுவேன். எதிர்முனையில் நிற்பவன் தயாரா என்று பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. நான் அவுட்டானதைவிட என்னால் அவுட்டானவர்கள் அதிகம். "ஏலே, இவன்கூட எறங்குறதுக்குச் சும்மாவே உக்காந்துரலாம்ல" என்று பயல்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எனக்கு ரோஷம் வரும், புத்தி வராது.

பிறகு ராணுவம். பத்து வருடம் அதிகாரியாக இருந்தேன். அங்கே என் அவசரத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஐந்தே முக்காலுக்கு நிற்க வேண்டும், அதுதான் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு ஊருக்கு வந்து, அகரம் பக்கம் ஒரு நூற்பாலையில் பொது மேலாளராக உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான்.

வந்த மூன்றாம் மாதம், நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெண்களை ஏற்றி வரும் மில் பஸ்ஸைக் கால் மணி நேரம் முன்னதாகக் கிளப்பச் சொன்னேன். ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரும் மெஷினுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. மூன்று நாள் தாமதமாக வந்தால் நான்காம் நாள் உள்ளே விடக் கூடாது என்று ஒரு விதியையும் எழுதி ஒட்டினேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே பதினோரு வருடம் வேலை பார்த்த ஒரு அம்மா நான்காவது தடவையாகப் பிந்தி வந்தார். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அறுந்த நூலை முடியக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான். பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ் மாறி, கடைசியில் நடந்து வந்திருந்தார். நான் கேட்டிலேயே நின்றேன்.

"சார், பூ வேன் வந்து எடை போட்ட பெறகுதான் சார்..."

"காரணம் சொல்லாதீங்கம்மா. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். வீட்டுக்குப் போங்க. இனிமே வர வேண்டாம்."

"எம்மக நர்சிங் கடைசி வருசம் படிக்கிறா சார். இந்த வேலைய நம்பித்தான்..."

நான் வாட்ச்மேனிடம் கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பஸ் டிரைவரைக் கூப்பிட்டு, ஏன் வண்டி பாதி காலியாக வருகிறது என்று சத்தம் போட்டேன். அந்த மனுஷன் அசரவில்லை. "சார், அந்தப் பொம்பளைக விடியுமுன்ன தலையில லைட்ட மாட்டிக்கிட்டு மல்லிகை மொட்டுப் பறிப்பாக. வேன்காரன் வந்து தோட்டத்துலயே எடை போடுவான். அத முடிச்சுட்டு ஓடி வந்தா நம்ம பஸ்ஸுக்குச் சரியா இருக்கும். பழைய டயமே அதுக்காக வச்சதுதான். நீங்க வண்டிய முன்னாடி எடுத்துட்டீக, மொட்டு முன்னாடி வருமா?"

"இத ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"சொல்ல வந்தேன் சார். நீங்க போயிட்டீக."

நானும் விவசாயக் குடும்பம்தான். எங்களுடையது தென்னந்தோப்பு, அதனால் பூவைப் பற்றித் தெரியாது என்று சொன்னால் அது சாக்கு. கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அன்றைக்கே பஸ்ஸைப் பழைய நேரத்துக்கு மாற்றினேன், ஒட்டிய தாளையும் கிழித்தேன். ஆனால் அந்த அம்மா வரவில்லை. ஆள் விட்டுச் சொல்லியும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர் பூப்பறிக்கிற தோட்டத்துக்கு நானே போனேன். பூ வேன் வரப்போரம் நின்றது. தராசு முன்னால் வரிசை. அந்த அம்மா என்னைப் பார்த்தார், வரிசையை விட்டு வரவில்லை. நான் வரப்பில் இப்படியும் அப்படியுமாக நடந்தேன். அவர் முறை வந்து, எடை போட்டு, கூடையைத் தட்டிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தார்.

"தப்பு என் மேலதாம்மா. தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க."

"வாரேன் சார்," என்றார் உடனே. "வேலை வேணும், வாரேன். மன்னிப்பு மட்டும் கேக்காதீக."

"ஏம்மா?"

"பஸ் டயத்த மாத்துனது தெரியாமப் பண்ணுனது, சரி. அன்னைக்கு நீங்க மேல போன பெறகு, மனசு மாறிக் கூப்பிடுவீகன்னு ரெண்டு மணி நேரம் கேட்டுக்கு வெளிய வெயில்ல நின்னேன். நீங்க ஜன்னல்ல ரெண்டு தடவ எட்டிப் பாத்தீக."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தது நிஜம். முதல் தடவை, இன்னும் நிற்கிறாரா என்று பார்த்தேன். இரண்டாம் தடவை, போய்த் தொலைந்தாரா என்று பார்த்தேன்.